நூலைப் போல சேலையா?
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவி)

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பழமொழி. பருத்தி வெடிக்கும் கரிசல் மண்ணில், நூற்பாலைச் சங்குக்குக் காது பழகிய ஊர்களில், இதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. நூல் இற்றுப் போனால் சேலையும் இற்றுத்தான் போகும். இதை மறுக்க நான் பேனா எடுக்கவில்லை.

ஆனால், இந்தப் பழமொழி நூலையும் சேலையையும் விட்டுவிட்டு மனிதரை அளக்கும் கோலாக மாறும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. “அவனுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது”, “இவளுக்குப் படிப்பு பரம்பரையிலேயே இல்லை” என்றெல்லாம் தீர்ப்புச் சொல்கிறோம். முன்பு ரத்தம் என்று சொன்ன இடத்தில் இப்போது “ஜீன்” என்கிறோம். சொல் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. அறிவியலின் சட்டையை மாட்டிக்கொண்டதால் அந்தத் தீர்ப்புக்குக் கூடுதல் மரியாதையும் கிடைத்துவிடுகிறது. அறிவியல் மாணவர்களான நாமே வகுப்புக்கு வெளியே அப்படிப் பேசுகிறோம்.

அறிவியல் உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா? மனிதனைப் பற்றிப் பேசுமுன், நம் கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிரி ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம். அதன் பெயர் ஈஸ்ட்.

நாம் அறிந்த ஈஸ்ட்

ஈஸ்ட் நமக்கு அந்நியமன்று. பனையேறி இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களில் முதன்மையானது ஈஸ்ட்தான். பேக்கரியில் பன்னை உப்ப வைப்பதும் அதுவே.

கள்ளையும் ரொட்டியையும் தந்த இந்த உயிரி, கடந்த அரை நூற்றாண்டில் மரபியலின் ஆசானாகவும் ஆகியிருக்கிறது. காரணம் எளிது. ஏற்ற உணவும் வெப்பமும் கிடைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிவிடும். எனினும் அது பாக்டீரியாவைப் போன்றதன்று. நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு, குரோமோசோம்கள் உண்டு. ரொட்டி ஈஸ்டுக்குக் குரோமோசோம்கள் 16. அவற்றில் அடங்கிய டி.என்.ஏ. எழுத்துகள் சுமார் 1 கோடியே 20 லட்சம். மரபணுக்கள் ஏறத்தாழ 6,000. உட்கரு உள்ள உயிரினங்களில் முதன்முதலாக முழு மரபுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். அந்த வேலை 1996-இல் நிறைவுற்றது.

இந்த 6,000 மரபணுக்களும் எப்போதும் பேசிக்கொண்டிருப்பதில்லை. சில மரபணுக்கள் பழுதின்றி முழுமையாக இருந்தும் வாய் திறப்பதில்லை. இதைத்தான் மரபணு மௌனம் என்கிறார்கள். எந்த மரபணு பேசும், எது மௌனமாகும் என்பதை ஈஸ்ட் எப்படி ஏற்பாடு செய்கிறது என்பதில் நமக்குரிய பாடம் இருக்கிறது.

ஒரு சாலை, மூன்று ஊர்கள்

ஈஸ்ட் செல்லில் ஆண், பெண் இல்லை. ‘ஏ’, ‘ஆல்ஃபா’ என இரண்டு இணைவகைகள் உண்டு. ஒரு வகை மற்ற வகையோடுதான் கூடும். எந்த வகை என்பதை மூன்றாம் குரோமோசோமில் உள்ள ‘மேட்’ என்னும் இடம் முடிவு செய்கிறது. அங்கே ‘ஏ’ செய்தி இருந்தால் செல் ‘ஏ’ வகை. ‘ஆல்ஃபா’ செய்தி இருந்தால் ‘ஆல்ஃபா’ வகை.

வியப்பு என்னவென்றால், அதே குரோமோசோமில் இச்செய்திகளின் பிரதிகள் இன்னும் இரண்டு இடங்களில் இருக்கின்றன. மூன்றாம் குரோமோசோமை மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையாக வைத்துக்கொள்வோம். நடுவே கோவில்பட்டிதான் ‘மேட்’. வடக்கே சாத்தூர் இருக்கும் இடத்தில் ‘எச்.எம்.எல்.’; தெற்கே கயத்தாறு இருக்கும் இடத்தில் ‘எச்.எம்.ஆர்.’. குரோமோசோமின் மொத்த நீளம் சுமார் 3 லட்சத்து 16 ஆயிரம் எழுத்துகள். இடது முனையிலிருந்து சுமார் 12 ஆயிரம் எழுத்துத் தொலைவில் எச்.எம்.எல்.; சுமார் 2 லட்சத்தில் மேட்; 2 லட்சத்து 93 ஆயிரத்தை ஒட்டி எச்.எம்.ஆர். ஆக, பிரதிகள் இரண்டும் குரோமோசோமின் இரு கோடிகளையும் ஒட்டி இருக்கின்றன. பெரும்பாலான ஈஸ்டுகளில் எச்.எம்.எல்.-இல் ‘ஆல்ஃபா’ செய்தியும், எச்.எம்.ஆர்.-இல் ‘ஏ’ செய்தியும் உள்ளன.

இவை அரைகுறைப் பிரதிகள் அல்ல. புரதம் செய்யத் தேவையான எழுத்துகள் யாவும் அங்கே இருக்கின்றன. ஆயினும் மேட் பேசுகிறது. மற்ற இரண்டும் வாய் திறப்பதில்லை. எழுத்து ஒன்றே, இடம் வேறு. பேச்சும் மௌனமும் இடத்தால் வந்தவை!

பின் எதற்காக அந்தப் பிரதிகள்? காட்டு ஈஸ்டுக்குத் தன் வகையை மாற்றிக்கொள்ளும் திறன் உண்டு. ‘எச்.ஓ.’ என்னும் நொதி மேட் இருக்கும் இடத்தை வெட்டுகிறது. வெட்டுண்ட இடம் மௌனப் பிரதிகளில் ஒன்றைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்கிறது. நேற்று ‘ஏ’வாக இருந்த செல் இன்று ‘ஆல்ஃபா’ ஆகிவிடும். ஒலிநாடாவைக் கழற்றி வேறு நாடாவைப் போடுவது போன்றது என்பதால் இதற்குக் ‘கேசட் மாதிரி’ என்றே பெயர் வைத்தார்கள். நாடா பெட்டிக்குள் இருக்கும்வரை பாடாது. கருவியில் ஏறினால்தான் பாடும்.

பெட்டிக்குள் இருக்கும் நாடாவும் பாடத் தொடங்கினால் என்ன ஆகும்? ‘ஏ’, ‘ஆல்ஃபா’ இரண்டு செய்திகளும் ஒரே செல்லில் ஒலிக்கும். செல் தன்னை ஏற்கெனவே கூடிய செல்லாக எண்ணிக்கொண்டு, எவரோடும் கூடாமல் மலடாகிவிடும். தீப்பெட்டித் தொழிலை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசு. இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. ஆனால் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மருந்தாகக் குழைத்துத் தடவினால் பெட்டி கைக்கு வருமுன்னே எரிந்துவிடும். எல்லா மௌனமும் கொடுமையன்று. சில மௌனங்கள் வாழ்வுக்குக் காவல்.

மௌனம் காப்பவர்கள்

இந்த மௌனத்தைக் காப்பது எது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் நம் நாட்டவர் ஒருவரை நாம் மறக்கலாகாது. அவர் அமர் கிளார். 1947-இல் பஞ்சாபில் பிறந்து, பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். ஈஸ்ட் வகை மாறும் முறையை விளக்கியவர்களில் முன்வரிசையில் இருந்தவர். 2017-இல் மறைந்தார். வேளாண்மை படித்த ஒருவர் உயிரியலின் அடிப்படைக் கேள்வி ஒன்றுக்கு விடை கண்டார் என்பது, வேளாண்மையை வாழ்வாகக் கொண்ட வட்டாரத்து மாணவர்களாகிய நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

1979-இல் கிளாரும் உடனாய்வாளர்களும் ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். அது கெட்டுப்போனால் மௌனப் பிரதிகள் இரண்டும் பேசத் தொடங்கின. அதே ஆண்டில் ஜாஸ்பர் ரைன், ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ் முதலியோரும் இத்தகைய மரபணுக்களைக் கண்டு ‘சர்’ என்று பெயரிட்டனர். ‘மௌனச் செய்தியை நெறிப்படுத்துவது’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. சர்-1 முதல் சர்-4 வரை நான்கு. கிளார் கண்டது இன்று சர்-2 என்ற பெயரில் வழங்குகிறது.

இந்தச் சோதனை எதை மெய்ப்பித்தது என்று நின்று யோசிக்க வேண்டும். காவலன் விலகியதும் மௌனப் பிரதி பேசிவிட்டது. அப்படியானால் அதுவரை பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதன் குறை அன்று. அதற்குப் பேசத் தெரியும். பேசவிடாத ஏற்பாடு வெளியே இருந்தது.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? டி.என்.ஏ. அவிழ்ந்து கிடக்கும் நூலன்று. ‘ஹிஸ்டோன்’ என்னும் புரதக் கண்டுகளில் சுற்றப்பட்ட நூல். கண்டுகளிலிருந்து சிறு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்களில் ‘அசிட்டைல்’ என்னும் வேதித் தொகுதி ஒட்டியிருந்தால் சுற்று தளர்வாக இருக்கும், மரபணு படிக்கப்படும். ஹிஸ்டோன்-4-இன் வாலை வெட்டினால் மௌனம் கலைந்துவிடுகிறது என்பதை மைக்கேல் கிரன்ஸ்டீன் குழுவினர் 1988-இல் காட்டினர்.

எச்.எம்.எல்., எச்.எம்.ஆர். ஆகிய இரண்டின் இருபுறத்திலும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள் உள்ளன. இவையே ‘மௌனிப்பான்கள்’. அங்கே சில புரதங்கள் முதலில் அமர்ந்து சர் புரதங்களை வரவழைக்கின்றன. வந்த சர்-2 பக்கத்துக் கண்டின் வாலிலிருந்து அசிட்டைலைக் கழற்றுகிறது. கழற்றிய வாலில் சர்-3 வந்து ஒட்டிக்கொள்கிறது. சர்-4 அவற்றைப் பிணைக்கிறது. பிறகு அடுத்த கண்டு, அதற்கடுத்த கண்டு. இப்படியே மௌனம் பரவிச் செல்கிறது. சர்-2 ஒரு நொதி என்பதும், அது வேலை செய்ய ‘என்.ஏ.டி.’ என்னும் துணைப்பொருள் தேவை என்பதும் 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. செல்லின் உணவுச் செரிமானத்தில் பங்குகொள்ளும் அதே பொருள்தான் இது!

வயலும் வரப்பும்

பரவத் தொடங்கிய மௌனம் எங்கே நிற்கும்? மடை திறந்தால் நீர் வரப்பு வரையில்தான் போகும். எச்.எம்.ஆர்.-இன் ஒரு பக்கத்தில் அத்தகைய வரப்பு இருக்கிறது. அது ‘கடத்து ஆர்.என்.ஏ.’ ஒன்றைச் செய்யும், ஓயாமல் பேசும் மரபணு. அதை நீக்கிவிட்டால் மௌனம் கரை கடந்து அடுத்த மரபணுவையும் மூடிவிடுகிறது. பேசிக்கொண்டே இருப்பதுதான் மௌனத்துக்கு வரப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கோ பேசிக்கொண்டிருந்த வேறொரு மரபணுவைக் கொண்டுவந்து இந்த மௌன வட்டாரத்தில் வைத்தால் அதுவும் மௌனமாகிவிடுகிறது. ஏற்பாடு ஆளைப் பார்ப்பதில்லை. இருக்கும் இடத்தைப் பார்க்கிறது.

இதை மிக அழகாகக் காட்டியது 1990-இல் டேனியல் காட்ஷ்லிங் குழுவினர் செய்த சோதனை. குரோமோசோமின் முனைக்கு டெலோமியர் என்று பெயர். ‘ஏ.டி.இ.-2’ என்னும் மரபணு பேசினால் ஈஸ்ட் கூட்டம் வெண்மையாக வளரும். மௌனமானால் ஒரு நிறமி சேர்ந்து சிவப்பாகும். அந்த மரபணுவை டெலோமியர் அருகில் வைத்தனர். வளர்ந்த கூட்டங்கள் முழு வெள்ளையாகவும் இல்லை. முழுச் சிவப்பாகவும் இல்லை. ஒரே கூட்டத்தில் சிவப்பு ஆரமும் வெள்ளை ஆரமும் மாறி மாறி அமைந்தன. எல்லாச் செல்களும் ஒரே தாய்ச் செல்லின் வழித்தோன்றல்கள். எழுத்து மாற்றம் எதுவும் இல்லை. ஆயினும் சில கிளைகள் பல தலைமுறைகள் மௌனமாக இருந்தன. பிறகு அவற்றிலேயே ஒன்று பேசத் தொடங்கியது!

“அப்படியானால் முனையில் பிறந்த மரபணுவுக்கெல்லாம் மௌனம்தான் விதியா?” என்று கேட்கலாம். அதுவும் இல்லை. ஈஸ்டின் இயற்கையான டெலோமியர் பகுதிகளை அலசி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, முனைகளை அடுத்த மரபணுக்களில் மிகச் சிலவற்றையே சர் புரதங்கள் மௌனமாக்குகின்றன என்று கண்டது. முனைக்கு முனை நிலைமை வேறு. இடம் செல்வாக்குச் செலுத்துகிறது. ஆனால் இடமும் தலையெழுத்து ஆகிவிடவில்லை.

மௌனம் நிலவும் மூன்றாவது வட்டாரம் பன்னிரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. ரைபோசோம் செய்யும் மரபணு அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளாக வரிசையில் நிற்கிறது. இங்கும் சர்-2 வேலை செய்கிறது. ஆனால் சர்-3, சர்-4 துணையின்றி, வேறு புரதங்களோடு சேர்ந்து. செல்லில் சர்-2 அளவோடுதான் இருக்கிறது. டெலோமியரிலும் இணைவகைப் பிரதிகளிலும் வேலை குறைந்தால் அது இங்கே கூடுதலாக வந்து சேர்கிறது. கண்மாய் நீரைப் போலத்தான். ஒரு மடையை அடைத்தால் மறு மடையில் கூடுதலாகப் பாயும். ஆக, ஒரு மரபணு பேசுவதும் பேசாததும் அதன் எழுத்தை மட்டுமன்றி, அது இருக்கும் இடம், அண்டை அயல், செல் முழுவதிலும் உள்ள பங்கீடு ஆகிய யாவற்றையும் பொறுத்தது.

மௌனம் வேறு, இன்மை வேறு

இப்போது பழைய தீர்ப்புக்கு வருவோம்.

“ஜீனில் இருக்கிறது, ஆகவே வெளிப்பட்டே தீரும்” என்கிறார்கள். எச்.எம்.எல். இருக்கிறது, வெளிப்படவில்லை. “வெளிப்படவில்லை, ஆகவே ஜீனில் இல்லை” என்கிறார்கள். வெளிப்படாத எச்.எம்.எல். முழுமையாக இருக்கிறது. இரண்டு வாதங்களும் ஒரு ஈஸ்ட் செல்லிடமே தோற்றுப்போகின்றன. 6,000 மரபணு உள்ள உயிரியிடமே செல்லுபடியாகாத நியாயத்தை மனிதனிடம் செலுத்தலாமா?

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விண்ணப்பம் வாங்கிய நாட்களில் ஊர்ப் பெரியவர் ஒருவர், “உங்க வம்சத்துலயே எழுத்து வாசனை கெடையாது தாயி, எதுக்கு வீண் செலவு?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னவரல்லர்; கடன்பட்டுவிடுவோமே என்ற கவலையில் சொன்னார். அதனால்தான் இது ஆபத்தானது. கெட்டவர் சொன்னால் எதிர்த்து நிற்கலாம். நல்லவர் அக்கறையோடு சொன்னால் நம்பிவிடுவோம். என்னோடு படித்த தோழியர் சிலர் நம்பியும்விட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். என் தாய் படிக்காததற்குக் காரணம் அவருடைய மரபணு மௌனமானது என்று நான் சொல்ல வரவில்லை. அது அறிவியலின் பெயரால் இன்னொரு பொய்யாகிவிடும். எட்டு வயதில் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டப் பழகியவர் அவர். அதற்குக் காரணம் மழை பொய்த்த வயலும் வீட்டுச் செலவும். அந்தக் காரணங்களைத் தேட நுண்ணோக்கி வேண்டியதில்லை, கண் போதும். கண்ணுக்கு எதிரே இருக்கும் காரணத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஜீனின் மேல் பழியைப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சில மறுப்புகள்

“அப்படியானால் பரம்பரை என்பதே பொய்யா?” என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தோன்றியது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் கம்பிலும் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்துக் ‘கே’ என்ற எழுத்தோடு ரகங்களை வெளியிட்டது. பரம்பரை பொய்யாக இருந்தால் அந்த ரகங்கள் மறு ஆண்டே மாறிப் போயிருக்கும். ஆனால் அங்கே பயிர் ஆராய்ச்சியாளர் செய்வது என்ன? ஒரே வயலில், ஒரே நாளில் விதைத்து, ஒரே மழையில் வளர்த்து, அதன் பிறகே எந்த ரகம் சிறந்தது என்று சொல்கிறார். ஒன்றைக் கண்மாய்க் கரையிலும் மற்றொன்றைச் சரளையிலும் விதைத்துவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால் எந்த விவசாயியும் சிரிப்பார். பருத்திச் செடிக்குத் தரும் இந்த நியாயத்தை மாணவர்களுக்கும் தரக் கூடாதா?

“ஈஸ்டைக் காட்டிச் சமத்துவம் பேசுகிறாயே, நாளை வேறு உயிரியைக் காட்டி ஒருவர் எதிர்மாறாகப் பேசினால் என்ன செய்வாய்?” என்றும் கேட்கலாம். இது நல்ல கேள்வி. என் விடை இது: மனிதர் சமம் என்பதற்கு ஈஸ்டின் சான்றிதழ் வேண்டியதில்லை. நாளை ஆய்வு எப்படி மாறினாலும் அது மாறாது. ஈஸ்டை நான் அழைத்தது ஒரு தவறான வாதத்தை உடைக்கத்தான்; சமத்துவத்துக்குத் தூண் நாட்டுவதற்கு அல்ல.

மூன்றாவது எச்சரிக்கை, என் பக்கம் நிற்பவர்களுக்கே. “மரபணுவை மனத்தாலேயே திறக்கலாம், மாத்திரையால் முதுமையை வெல்லலாம்” என்று சொல்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். சர்-2-ஐ மிகுதியாக்கினால் ஈஸ்ட் தாய்ச் செல் கூடுதலான முறை பிளவுபடும் என்று 1999-இல் காட்டப்பட்டது உண்மை. மனிதரிடமும் அதன் உறவுப் புரதங்கள் ஏழு உண்டு. இதை நம்பி, இப்புரதங்களைத் தூண்டும் மருந்து தேடிய நிறுவனம் ஒன்றைப் பெரிய மருந்துக் கம்பெனி 2008-இல் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல் அந்தக் கிளையை மூடிவிட்டது. ஈஸ்டில் மெய்யானது மனிதரிடம் மெய்யாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஏன், மற்றொரு வகையான பிளவு ஈஸ்ட், சிறு ஆர்.என்.ஏ.க்களின் துணையோடு தன் மௌனத்தை அமைக்கிறது. ரொட்டி ஈஸ்டில் அந்த வழியே இல்லை. இரண்டு ஈஸ்டுகளுக்கு நடுவிலேயே இத்தனை வேறுபாடு!

மௌனத்தை முறையாகப் பயன்படுத்திய நல்ல முயற்சியும் உண்டு. பருத்தி விதையில் ‘கோசிப்பால்’ என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. மாடு ஓரளவு தாங்கும், கோழி தாங்காது. ஆனால் இலையில் அந்த நஞ்சு இருந்தால்தான் பூச்சி அண்டாது. டெக்சாஸில் பணியாற்றும் கீர்த்தி ரத்தோர் குழுவினர், ஆர்.என்.ஏ. வழியாக அந்த மரபணுவை விதையில் மட்டும் அடக்கி, இலையில் பேசவிட்டனர். 2006-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. 2018-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை அந்தப் பருத்தியைப் பயிரிட இசைவளித்தது. இது ஈஸ்டின் முறையன்று; வேறு முறை. எனினும் ஒரே செடியின் ஒரே மரபணு விதையில் மௌனமாகவும் இலையில் பேச்சாகவும் இருக்க முடியும் என்பதைப் பருத்திக்காட்டு மக்களாகிய நாம் அறிய வேண்டாமா?

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

இனி நாம் செய்யக்கூடியது என்ன? பேராசிரியப் பெருமக்களுக்கும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, மரபணு என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு “பண்புகளைத் தீர்மானிப்பது” என்று எழுதி முடித்துவிடுகிறோம். அதோடு, “அது பேசுவதும் மௌனமாவதும் இருக்கும் இடத்தையும் சூழலையும் பொறுத்தது” என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதப் பழகுவோம். மெண்டலின் பட்டாணி பாடத்தின் தொடக்கம், முடிவன்று.

இரண்டாவது, ஈஸ்டை நம் ஆய்வகத்துக்குள் கொண்டுவருவோம். சிவப்பு வெள்ளைக் கூட்டம் வளர்க்கும் வசதி நம்மிடம் இல்லாதிருக்கலாம். கடையில் விற்கும் உலர் ஈஸ்டும், சர்க்கரைக் கரைசலும், இருக்கின்ற நுண்ணோக்கியும் போதும். மொட்டு விடும் செல்லை ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்க்கலாம். பார்த்த பொருளைப் பற்றிப் படிப்பதற்கும், பாராத பொருளைப் பற்றி மனப்பாடம் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

மூன்றாவது, இத்தகைய செய்திகளை நம் மொழியில் எழுதுவோம், பேசுவோம். தமிழில் பயின்று வரும் மாணவர்க்கு முதல் ஆண்டில் ஆங்கில நூல் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு முன்னால் வாயடைத்து நிற்பவரைப் பார்த்து, “இவனுக்கு அறிவியல் வராது” என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! வராதது அறிவியலா, அல்லது அது வந்து சேர்ந்த மொழியா என்று ஒருமுறையாவது சோதித்துவிட்டுச் சொல்வோம். கிளாரும் ரைனும் ஹெர்ஸ்கோவிட்ஸும் செய்தது அதைத்தானே? மௌனமாக இருந்த மரபணுவைப் பார்த்து, “இது வெற்று எழுத்து” என்று முடிவு கட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தடை எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். தடையை நீக்கிப் பார்த்தார்கள். அது பேசியது.

நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் பேசாத நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் நாமும் அந்தச் சோதனையைச் செய்து பார்ப்போம். அதற்கு ஆய்வகம் வேண்டாம். பக்கத்தில் போய் உட்கார்ந்து, புரியாத பாடத்தைச் சேர்ந்து படித்தால் போதும்.